எந்த எஞ்சின் என்று நான்தான் முடிவு செய்தேன்

எங்கள் வீட்டு ஏசி கொஞ்சம் சத்தம் போடும், மேடம். மற்றபடி வேலை செய்ய அருமையான அறை. டில்லிபாபுவே அப்படித்தான் சொல்வான். துறைத்தலைவர் என்ற முறையில் நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். தாராளமாக எழுதுகிறேன்.

கடைசி வருட ப்ராஜெக்டுக்கு நானும் டில்லியும் ஜோடி. வீடியோ கேம் செய்வதாக முடிவு. யோசனை அவனுடையது. சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரம் இருந்த அவர்கள் வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபோது அவனுக்குப் பதினோரு வயதாம். பொக்லைன் வருவதற்குள் வீட்டுச் சாமான்களை ஒரே லாரியில் ஏற்ற வேண்டும், அதுதான் ஆட்டம். எதை ஏற்றுவது, எதை விடுவது? கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. தேனாம்பேட்டையில் ஒரு கேம் கம்பெனி எங்கள் வகுப்பிலிருந்து ஒரே ஒருவரைத்தான் எடுப்பதாக இருந்தது, அதுவும் ப்ராஜெக்டைப் பார்த்து. அது கிடைக்காவிட்டால் எனக்கு அப்பாவின் பாத்திரக்கடைதான். குக்கர் விற்கிற முகமா இது?

கேம் எஞ்சின், அதாவது ஆட்டத்தை உருவாக்கும் மென்பொருள், எதை எடுப்பது என்று பேசினோம். டில்லி கோடோ என்றான். சின்னது, அவன் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசாங்க லேப்டாப்பிலேயே ஓடும். நான் அன்ரியல் என்றேன். லாரி நிஜ லாரி மாதிரி இருக்கும், தூசி நிஜமாகவே பறக்கும் என்று ஆசை காட்டினேன். அவன் லேப்டாப்பில் அது திறக்காது. தெரிந்துதான் சொன்னேன்.

"அப்போ நான் எதுல மச்சி வேலை செய்றது?"

எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். இரண்டு பஸ் மாறி மூன்று மாதம் தி.நகருக்கு வந்தான். அம்மா தினமும் தோசை வார்த்துக் கொடுத்தாள். நான் கட்டிலில் படுத்து மேட்ச் பார்த்தேன். ஆட்டத்தில் அவன் செய்த ஒவ்வொரு மாற்றமும் தேதியோடும் செய்தவர் பெயரோடும் கணினியில் பதிவாகும். கணினியும் லாகினும் என்னுடையவை, அதனால் பெயரும் என்னுடையது. "உன் பேரே வந்துகினு கீது மச்சி, மாத்து" என்று இரண்டு முறை சொன்னான். கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். நம்பிவிட்டான், பாவம்.

தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த ஹபீபுர் ரஹ்மான் சார் பதிவுகளைப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு. அத்தனையும் அஸ்வின், அதாவது நான். "நீங்க என்ன செஞ்சீங்க தம்பி?" என்று டில்லியைக் கேட்டார். எல்லாமே தான் செய்தது என்றான். சார் திரையைக் காட்டினார். டில்லி என் முகத்தையே பார்த்தான், நான் சொல்வேன் என்று காத்திருந்தான் போல. நான் "முயற்சி பண்ணான் சார்" என்றேன். அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் அதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த யோசனை எப்படி வந்தது என்று அடுத்து என்னைக் கேட்டார். "எங்க வீட்டை இடிச்சப்போ எனக்குப் பதினோரு வயசு சார். அம்மா ஆட்டுக்கல்லைத் தூக்க முடியாம அங்கேயே விட்டுட்டு வந்தாங்க" என்றேன். ஆட்டுக்கல் சமாசாரம் தோசை சாப்பிடும்போது டில்லி சொன்னது. அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அவனுக்கு ப்ராஜெக்டில் பூஜ்யம், எனக்கு வேலை. அந்த ஆட்டத்தில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் நடித்தேன் என்று அவன் உங்களிடம் சொல்லியிருப்பது மட்டும் அநியாயம், மேடம். ஆட்டுக்கல்லைச் சொன்னபோது எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.