மூடியில் கட்டிய சீட்டு

வாசலில் நிற்கிறதே சிவப்பு வண்டி, அதன் மூன்றாவது பிஸ்டனில் ஓட்டை விழக் காரணமானவர் இந்த மேடையில், நடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

அவரிடமிருந்தே வணக்கத்தைத் தொடங்குகிறேன். பழைய கார் பிரியர்களின் பழங்கார் சங்கத் தலைவரே, இந்த ஊரின் பாதிப் பற்களைப் பிடுங்கிய பல் மருத்துவரே, எங்கள் வீட்டுக்கு என்றும் டாக்டர் மாமாவே, வணக்கம். கையில் கடிகாரத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் செயலாளரே, காலை முழுக்கக் குனிந்து குனிந்து வண்டிகளுக்கு மதிப்பெண் போட்ட நடுவர்களே, வணக்கம். "இந்த மனுஷன் என்னைவிட வண்டியைத்தான் அதிகம் தடவிக்கொடுக்கிறார்" என்று தெரிந்தும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் ஓட்டுநர்களே, குரோமியம் துடைத்துத் துடைத்து விரல் காய்த்துப் போனவர்களே, உங்களுக்கு மட்டும் இரண்டு வணக்கம். ஒன்று இன்றைக்கு. இன்னொன்று இத்தனை வருடம் சொல்லாமல் விட்டதற்கு.

பதற வேண்டாம், செயலாளரே. எனக்குக் கொடுத்த தலைப்பு "வேகமான பழைய வண்டிக்கு எந்த எரிபொருள்?" என்பது. அதைத்தான் பேசப்போகிறேன். அதைத் தவிர வேறெதையும் பேசப்போவதில்லை.

நான் யார்? பெட்ரோல் பம்ப்பில் பதினோரு வருடம் குழாய் பிடித்தவன். இப்போது அங்கே மேற்பார்வையாளர். பெட்ரோல் என் சட்டையில் இருக்கிறது, சாப்பாட்டில் இருக்கிறது. என் மகள் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். எனக்கு ஓர் அக்கா. அவள் மெக்கானிக். உங்களில் பலர் வீட்டு வண்டிகளின் வயிற்றில் என்ன வலி என்று உங்களுக்கு முன்னால் அறிந்தவள். திருப்புளியின் முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்பாள். "ரெண்டாவது வால்வு முனகுது" என்பாள். திறந்து பார்த்தால் ரெண்டாவது வால்வுதான்.

எரிபொருளுக்கு வருகிறேன். ஆக்டேன் என்றால் என்ன? பலம் என்கிறீர்களா? அதோ, மூன்றாவது வரிசையில் நம் மீசைக்காரர் தலையாட்டுகிறார். அவருடைய குட்டி வண்டிக்கு எப்போதும் பம்ப்பில் இருப்பதிலேயே உசத்தியான பெட்ரோலைத்தான் ஊற்றச் சொல்வார். "ஊத்துப்பா, குதிரை மாதிரி பாயட்டும்!" ஐயா, உங்கள் வண்டி குதிரை இல்லை. நல்ல மனசுள்ள கழுதை. அதற்குச் சாதாரணப் பெட்ரோலே போதும். சிரிக்காதீர்கள், அவரும் சிரிக்கிறார் பாருங்கள். பெரிய மனசு!

ஆக்டேன் என்பது பலம் அல்ல, பொறுமை. இன்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து நிற்கின்றன. பிஸ்டன் மேலேறி அந்தக் கலவையை நசுக்குகிறது. பிளக் பொறி விடும் வரை அது பற்றாமல் தாங்க வேண்டும். வேகத்துக்காகச் செய்த வண்டி அதிகமாக நசுக்கும். ஆகவே அதற்கு அதிகப் பொறுமையுள்ள பெட்ரோல் வேண்டும். பொறுமை போதாத பெட்ரோலை ஊற்றினால்? வேளை வருமுன்னே தானாக வெடிக்கும். தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டுவது போல் டிங் டிங் டிங் என்று ஒரு சத்தம். அது இன்ஜின் கதறும் சத்தம். கேட்டும் கேட்காதது போல் மிதித்தால், பிஸ்டனில் ஓட்டை!

இரண்டாவது, ரப்பர். பழைய வண்டியின் குழாய்கள் ஆல்கஹால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறும், உப்பும், வெடிக்கும், ஒழுகும். ஆகவே பழங்கார் வைத்திருப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே இரண்டு. என் இன்ஜின் எவ்வளவு நசுக்குகிறது? என் ரப்பர் எதைத் தாங்கும்? விலையைக் கேட்காதீர்கள். விளம்பரத்தைக் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கவே கேட்காதீர்கள்!

இந்த இரண்டு கேள்விக்கும் விடையை என் அக்கா ஒரு சீட்டில் எழுதினாள். பிளாஸ்டிக் கேனை வெட்டி, சிவப்புப் பெயின்ட்டில் எழுதி, கம்பியால் டாக்டர் மாமா வண்டியின் பெட்ரோல் மூடியில் கட்டினாள். அவள் கை பட்ட ஒவ்வொரு வண்டியிலும் அப்படி ஒரு சீட்டு தொங்கும். அது அவள் பழக்கம். அழகாக இருக்காது. கோணல் எழுத்து. ஆனால் உண்மை.

இரண்டு வருடங்களுக்கு முன் நம் சங்கத்தின் மலைப்பயணம். நினைவிருக்கிறதா? புறப்படுமுன் எல்லா வண்டிகளும் எங்கள் பம்ப்பில் வரிசையாக நின்று, ஒரே குழாயில் பெட்ரோல் போட்டு, ஒரே படத்தில் சிரிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அன்று குழாய் பிடித்தவன் நான். சிவப்பு வண்டி வந்து நின்றது. மூடியைப் பார்த்தேன். சீட்டைக் காணோம்.

"மாமா, அக்கா கட்டின சீட்டு எங்கே?"

"அது அசிங்கமா தொங்குதுடா. நடுவர் பார்த்தா மார்க்கைக் குறைச்சிடுவார். கழட்டிட்டேன்."

"இந்தக் குழாய்ல வர்றது சாதாரணம் மாமா, ஆல்கஹால் வேற கலந்திருக்கு. உங்க வண்டி தாங்காது."

"ஒரு டேங்க்தானேடா! எல்லாரும் பார்த்துட்டு நிக்கிறாங்க. ஊத்து."

ஊற்றினேன்.

ஆமாம், ஊற்றிய கை இதுதான். நன்றாகப் பாருங்கள். தெரிந்தே ஊற்றினேன். ஏன்? பின்னால் முதலாளி நின்றார். எதிரே படம் எடுப்பவர் நின்றார். குழாய் பிடிப்பவன் "மாட்டேன்" என்று சொல்லி நீங்கள் யாராவது எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா?

மலையில் பாதி தூரம் டிங் டிங் டிங். அப்புறம் புகை. அப்புறம் குழு விசாரணை. "ஒர்க்‌ஷாப்ல எனக்கு ஒண்ணும் சொல்லலை" என்றார் டாக்டர் மாமா. ஒரே ஒரு வரி. அந்த வரியை நம்பி, சங்கம் அங்கீகரித்த ஒர்க்‌ஷாப் பட்டியலிலிருந்து என் அக்காவின் பெயரை அடித்தீர்கள். சங்க இதழில் "பணிமனையின் அலட்சியம்" என்று அச்சடித்தீர்கள். அவளை ஒரு வார்த்தை கேட்டீர்களா? சட்டையில் கிரீஸ் இருந்தால் வாயில் சொல் இருக்காதா? என் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "வாயைத் திறந்தா வேலை காலி" என்றார். மூடிக்கொண்டேன். உங்கள் மீது எனக்குள்ள கோபத்தில் பாதி என் மீது.

போன வாரம்தான் அக்காவிடம் சொன்னேன். கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னிக்கு ஊத்தினது நான்தான்."

தலை நிமிரவில்லை. "தெரியும்டா. டேங்க் அடியில ஆல்கஹால் இழுத்த தண்ணி தங்கியிருந்துச்சு, ஹோஸ் ஊறிப் போயிருந்துச்சு. நீ புடிக்கிற குழாய் எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன்க்கா என்னைக் கேக்கலை?"

"நீயா சொல்லுவன்னு இருந்தேன். அதுக்கு ரெண்டு வருஷமாயிடுச்சா, மக்குப் பயலே? அந்தத் துணியை எடு."

சொல்லுங்கள், அவளுடைய ஆக்டேன் எவ்வளவு? எந்தப் பம்ப்பில் கிடைக்கும் அது?

இன்னொன்றும் கேளுங்கள். அந்தச் சிவப்பு வண்டியை நான்கு ஒர்க்‌ஷாப்கள் கைவிட்டன. மாமாவின் மனைவி, டாக்டரம்மாதான், இழுவை வண்டியில் ஏற்றி அக்காவிடம் கொண்டு வந்தார். அவள் வாங்கினாள். எனக்கு ஆத்திரம். "அவர் வண்டியையா தொடுறே?" என்றேன். "வண்டி என்னடா பண்ணுச்சு?" என்றாள். ஏழு மாதம் உழைத்தாள். இன்று காலை நீங்கள் கைதட்டிக் கைதட்டி முதல் பரிசு கொடுத்தது அந்த வண்டிக்குத்தான். பரிசுத் தாளை எடுத்துப் பாருங்கள். "உரிமையாளர்" என்ற இடத்தில் டாக்டர் பெயர் இருக்கிறது. "பணிமனை" என்ற இடத்தில் ஒரு கோடு இருக்கிறது. வெறும் கோடு! என் அக்காவின் ஏழு மாதம் அந்தக் கோடு.

யாரது, "ஆதாரம் என்ன?" என்று கேட்டது? கேட்க வேண்டிய கேள்வி. இதோ என் கையில். கேன் துண்டு, சிவப்புப் பெயின்ட், கம்பி. கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசிக்கிறேன். "உயர்ந்த ஆக்டேன் மட்டும். ஆல்கஹால் கூடாது. சந்தேகம்னா என்னைக் கேளுங்க மாமா."

இதை எனக்குக் கொடுத்தது டாக்டரம்மா. முன்வரிசையில்தான் இருக்கிறார். "கோட்டு உள்பையில வச்சிருந்தாருடா. தூக்கியும் எறியலை, வெளியில சொல்லவும் இல்லை. நீயாவது கேளு" என்றார்.

மாமா, நீங்கள் கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவு வசதி! ஏசிவிட்டு இறங்கிப் போயிருப்பேன். எறிந்திருக்கலாமே, ஏன் எறியவில்லை? இரண்டு வருடம் நெஞ்சுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தீர்களே! உள்ளே டிங் டிங் டிங் என்று உங்களுக்கும் கேட்டுக்கொண்டேதானே இருந்தது?

செயலாளரே, முடித்துவிட்டேன். இன்னும் சற்று நேரத்தில் புதிய பட்டியலை வாசிக்கப்போகிறீர்கள். இரண்டு வருடத்துக்கு மாறாத பட்டியல். அதில் என் அக்கா இல்லையென்றால் அவள் ஒர்க்‌ஷாப்புக்கு அடுத்த மழைக்காலம் இல்லை. அவள் வெளியே, சிவப்பு வண்டிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள். வீட்டுக்குப் போகும்போது வண்டி மக்கர் பண்ணினால் பார்க்க ஆள் வேண்டுமாம், அதனால் வந்தாளாம். அவளுக்கு அழைப்பிதழ் கிடையாது. ஒலிபெருக்கி அங்கேயும் கேட்கும்.

பொறுமையாகக் கேட்ட அவைக்கு நன்றி. நாளை எனக்கு வேலை இருக்குமா தெரியாது. இருந்தால் பம்ப்புக்கு வாருங்கள், கேட்டுவிட்டு ஊற்றுகிறேன். சுவரோரம் நிற்பவர்களுக்கு மூன்றாவது முறையாக வணக்கம்.

டாக்டர் மாமா, ஆறு வயதில் என் பால்பல்லைப் பிடுங்கினீர்கள். "மூணு எண்ணுறேன், பயப்படாதே" என்று சொல்லிவிட்டு இரண்டிலேயே பிடுங்கினீர்கள். வலிக்கவே இல்லை. அன்றிலிருந்து உங்களை எனக்குப் பிடிக்கும். இப்போது நான் எண்ணுகிறேன். எழுந்து வந்து இந்த மைக்கை வாங்கி, ஒரே ஒரு வரி சொல்லுங்கள்: "சீட்டைக் கழற்றியது நான்."

ஒன்று.

இரண்டு.

மாமா, தரையைப் பார்க்காதீர்கள். இங்கே பாருங்கள்.

மூன்று.

மூன்று சொல்லிவிட்டேன், மாமா. இந்தாருங்கள் மைக். வாங்கிக்கொள்ளுங்கள்.