பொழுது சாய்வதற்குள் ஒரு பழம்

எனக்கு ஸ்ட்ராபெர்ரி பிடிக்காது இன்ஸ்பெக்டர் மேடம். புளிப்பு. என்னோடு வேலை செய்த அர்ஹந்துக்கு அதன்மேல் உயிர், ஆனால் சாப்பிட முடியாது. சின்ன வயதில் ஒன்றைத் தின்று, தொண்டை வீங்கி, வாலாஜாபாத் ஆஸ்பத்திரியில் பிழைத்தவன். தன்னை ஒன்றும் செய்யாத ஸ்ட்ராபெர்ரியை உண்டாக்கப் போவதாக அவன் சொன்னபோது சிரித்தேன். பிறகு அதுவே என் பிழைப்பாகிவிட்டது.

மாகறல் கிராமத்தில் அவன் குடும்பத்து நிலத்தில் குளிரூட்டிய பசுமைக்குடில் போட்டோம். ஒவ்வாமையைக் கிளப்பும் புரதம் எந்த மரபணுவால் வருகிறது என்று தேடியவள் நான். செடி செடியாக இலை கிள்ளிச் சோதித்து, அந்தப் புரதம் அநேகமாக இல்லாத ஒரு செடியைக் கண்டுபிடித்தவளும் நான். அன்று அவன் அழுதான். "இது உன் செடிம்மா, ஜீவிதா" என்றான். நம்பினேன்.

டிவிக்காரர்கள் வந்தபோது என்னைக் காட்டி, "இவங்க லேப்ல கூடமாட ஹெல்ப் பண்ணிக்கினு இருக்காங்க" என்றான். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவே அதைப் பார்த்தது. எட்டு வருஷம் கூட இருந்தவன் செய்த துரோகம். வந்தவர்களுக்கு டீயும் நான்தான் கொடுத்தேன்.

முதல் பழத்தைத் தானே சாப்பிட்டுக் காட்டுவதாக மாலை ஐந்து மணிக்கு ஊரைக் கூட்டினான். டாக்டர் கோதண்டபாணி ஊசி மருந்தோடு பக்கத்தில் இருப்பதாக ஏற்பாடு. அன்று காலையில் இரண்டு தொட்டிகளின் பெயர் அட்டைகளை மாற்றி வைத்தேன். ஒன்றில் எங்கள் செடி, மற்றதில் சாதாரண ஸ்ட்ராபெர்ரி. பார்க்க இரண்டும் ஒன்றுதான். நாலு பேர் முன்னால் உடம்பு தடித்து அவன் அவமானப்பட வேண்டும், டாக்டர் ஊசி போட்டதும் எழுந்துவிட வேண்டும். வேறெதுவும் நான் நினைக்கவில்லை.

டாக்டர் வரவில்லை. அர்ஹந்த் ஜைனன், பொழுது சாய்ந்தால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். கூட்டம் காத்திருந்தது. வெயில் இறங்கிவிட்டது. என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டான்:

"சாப்டலாமா ஜீவிதா? உன் டெஸ்ட்டு தப்பாவாதுல்ல?"

"தப்பாவாதுபா" என்றேன். பொய் இல்லை, என் சோதனை தவறியதே இல்லை.

பழத்தைத் தின்று தொண்டை வீங்கி விழுந்தவனைக் காரில் ஏற்றும்போதே மூச்சு நின்றுவிட்டது. அதற்கு அப்புறம்தான் டாக்டர் பையோடு வந்து இறங்கினார். அவர் தாமதமாக வந்ததாக எல்லாரும் திட்டுகிறார்களாம். பாவம், அவரை விட்டுவிடுங்கள் மேடம். ஏழு மணிக்கு வந்தால் போதும் என்று நான்தான் போன் செய்திருந்தேன்.