திருப்பிக் கொடுக்க வேண்டிய பாஸ்போர்ட்

பிள்ளைகளே, ஒடுகத்தூரிலிருந்து வேலூர் வரும் பஸ்ஸில், முன் சீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும் பேசியதை அப்படியே எழுதுகிறேன். தங்கை அயர்லாந்தில் நர்ஸாம்.

“அடுத்த மாசத்துலேர்ந்து நான் இந்தியாக்காரி இல்லண்ணா.”

“இன்னா பேசற நீ? ரெண்டு நாட்டு பாஸ்போர்ட்டும் வெச்சுக்கோயேன்.”

“நம்ம சட்டத்துல முடியாது. அத வாங்கினா இதத் திருப்பிக் குடுக்கணும்.”

“அப்ப வாங்காத. வேலைதான் இருக்குதே!”

“வேலை போனா விசாவும் போய்டும். பையன் படிப்பு பாதியில நின்னுடும்.”

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அண்ணன் குரல் உயர்ந்தது.

“கல்லறைத் தோட்டத்துல அம்மா பக்கத்துல உனக்குன்னு இடம் சொல்லி வெச்சிருக்கேனே, அத இன்னா பண்றது?”

“அங்க நீ படுத்துக்கண்ணா. நான் பையன் இருக்கற ஊர்லயே இருந்துடறேன்.”

வேலூர் வரும்வரை அண்ணன் அவள் பக்கம் திரும்பவில்லை. ஏறியதிலிருந்து தன் மடியில் வைத்திருந்த அவளுடைய பையை மட்டும் இறக்கவே இல்லை.