எண்பத்தேழாவது மேற்கோள்

லேக் மார்க்கெட்டில் நல்ல கறிவேப்பிலை வேண்டுமென்றால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். அதற்கு மேல் போனால் வாடியதைத்தான் தலையில் கட்டுவார்கள். உங்களுக்குத் தெரியாததல்ல, ஜம்புநாதன். எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் இருந்துகொண்டு பதினெட்டு வருடமாக நீங்களும் அதே கடையில்தான் வாங்குகிறீர்கள்.

இன்ஸ்டிட்யூட் விசாரணைக் குழுவின் மூன்று பேரில் தமிழ் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். மற்ற இருவருக்கும் நீங்களே படித்துச் சொல்லிவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் எனக்கு ஆய்வுக் கட்டுரை நடை வந்துவிடுகிறது. அதில் யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் தானாக நடக்கிறது. இந்த விஷயத்துக்கு அது சரிப்படாது.

குழு என்னிடம் கேட்டிருப்பது ஒரே கேள்வி. என் மனைவி பேராசிரியர் ரஞ்சனாவின் கடைசிக் கட்டுரையில், அவள் இறந்தபின், எண்பத்தேழாவது மேற்கோளாக என் பழைய கட்டுரையை நான் சேர்த்தேனா என்பது. சேர்த்தேன். அச்சுக்கு முந்தைய படி அவள் மின்னஞ்சலுக்கு வந்தது. கடவுச்சொல் எனக்குத் தெரியும். ஒரு மேற்கோளை நடுவில் நுழைத்தால் அதற்குப் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் மாறும். நூற்று இருபத்தாறு எண்களையும் கையால் திருத்தினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவளுடைய மாணவி சுபிக்ஷா தன்னிடமிருந்த பிரதியோடு ஒப்பிட்டிருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் நீங்கள் உங்கள் பங்குக்கு இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள். ரஞ்சனாவே சோதித்துப் பார்த்து ஒதுக்கியதாக அவள் ஆய்வக நோட்டில் இருக்கும் முடிவை அவள் பெயரில் சேர்க்க என்ன ஆதாரம் என்று. அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நானும் ரஞ்சனாவும் ஒரே ஆய்வகத்தில் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். அவள் பிறந்து வளர்ந்ததே இந்த ஊரில். நான் துறைமுக வேலைக்கு மாற்றலாகி வந்த அப்பாவோடு இந்த ஊரின் பெஹாலா பக்கம் வந்து இறங்கியவன். வெளியாட்கள் முன்னால் என்னை 'நீங்க' என்பாள், வீட்டில் 'நீ'. ஆய்வகத்தில் நான்தான் கெட்டிக்காரன். இதை எங்கள் வழிகாட்டியே சொல்லியிருக்கிறார். தொண்ணூற்று மூன்றில் என் கட்டுரை வெளிவந்தது. சிறிய புரதங்கள் ஒரே ஒருமுறை உறைந்து இளகினாலும் வேலை செய்யும் திறனை இழந்துவிடும், ஆனால் பார்வைக்குத் தண்ணீர் போலத் தெளிவாகவே இருக்கும் என்பது அதன் முடிவு.

அந்தக் கட்டுரையை இதுவரை பதினோரு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அதில் ஆறு பேர் நானே.

ரஞ்சனாவின் எண்ணிக்கை ஒன்பதாயிரத்து அறுநூறு. தினமும் காலையில் காப்பி குடித்துக்கொண்டே இணையத்தில் அவள் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். அவள் பார்க்கவே மாட்டாள். அதுதான் எனக்கு ஆறவில்லை. ஒருநாள் முப்பது கூடியிருக்கும், அவள் பொடோல் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். புவனேஸ்வர் கருத்தரங்கில் ஒரு பையன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், ரஞ்சனா மேடத்தோட ஹஸ்பெண்டா?" என்றான். பூஜைப் பந்தலில் நம் பேட்டைப் பாராக்காரர்கள் அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். அவள் பேச எழுந்தபோது அந்தச் சால்வையும் பூங்கொத்தும் என் மடிக்கு வந்தன. நான் சிரித்துக்கொண்டே வைத்திருந்தேன். புகைப்படத்தில் பார்த்திருப்பீர்கள். வயிறு எரிந்தது. முப்பது வருடமாக எரிந்தது என்று சொல்வதில் எனக்கு இப்போது கூச்சமில்லை.

போன டிசம்பரில் பெரிய பத்திரிகை ஒன்று அவளிடம் நீண்ட கட்டுரை கேட்டது. புரதங்களைக் குளிரில் பாதுகாப்பது பற்றி முப்பது வருடங்களில் வெளிவந்த எல்லாவற்றையும் தொகுத்து எழுத வேண்டும். எழுதி முடித்து, வழக்கம்போல மேற்கோள் பட்டியலை என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். ஒவ்வொன்றாகப் பென்சிலால் தொட்டுக்கொண்டு போனேன். நான் இல்லை.

கேட்டேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அதை நான் ரிப்பீட் பண்ணிப் பாத்தேன், கோவிந்த். மூணு தடவை. வரல."

"எப்ப?"

"ரெண்டாயிரத்து நாலுல. உன் பேப்பரைப் போட்டா, வரலைன்னும் சேத்து எழுதணும். அதான் எதுலயுமே போடறதில்ல. விடேன், எந்தக் காலத்துக் கதை."

இருபது வருடம். அவள் என்னை மறந்துபோயிருந்தால் மன்னித்திருப்பேன். அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். என்னோடு சாப்பிட்டு, என்னோடு புரிக்கு ரயிலேறி, நான் ஆய்வு மாணவர்களிடம் என் கட்டுரையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பக்கத்தில் தலையாட்டி, மனதுக்குள் என்மேல் இரக்கப்பட்டிருக்கிறாள்.

ரஞ்சனாவுக்கு இருபத்திரண்டு வருடமாகச் சர்க்கரை. இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். இன்சுலினும் ஒரு சிறிய புரதம்தான். ஜனவரி மாதம் ஒரு வியாழக்கிழமை அவள் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனபின், குளிர்சாதனப் பெட்டியில் இருந்த அவளுடைய மருந்தை மேல் தட்டில் உறைய வைத்தேன். மாலையில் எடுத்து இளக வைத்து, பழைய இடத்தில் வைத்தேன். தண்ணீர் போலத் தெளிவாகத்தான் இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று ராத்திரி அதையே போட்டுக்கொண்டாள்.

சோதனை என்றால் குறிப்பு வேண்டும். குறிப்பேடு இத்துடன் இணைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை அவள் விரலில் குத்திப் பார்த்தபோது மீட்டர் நூற்று முப்பத்தெட்டு காட்டியது. மாலையில் நூற்று நாற்பத்தைந்து. முந்நூறைத் தாண்டியிருக்க வேண்டும், அது பழைய மீட்டர். எதிரே 'பழைய மீட்டர்' என்றும் குறித்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்கு அவள் எழுந்து வந்து சோபாவில் உட்கார்ந்தாள். ஜனவரிக் குளிரில் அவள் நெற்றி வியர்த்திருந்தது.

"நெஞ்சுல கல்லத் தூக்கி வெச்சாப்பல இருக்கு, கோவிந்த்."

"தாகமா இருக்கா?"

"தாகம்லாம் இல்ல. இடது தோள் பட்டை வலிக்கறது. ஜம்புவைக் கூப்பிடேன். காரை எடுக்கச் சொல்லு."

உங்கள் கார் கீழேதான் நின்றது. பால்கனியிலிருந்து பார்த்தேன். அதற்கு நீல உறை போட்டிருந்தீர்கள்.

"ஜம்பு நாளைக்கு ஊருக்குக் கிளம்பறார், அவரை இப்பவே எதுக்கு எழுப்பணும்? மார்க்கெட் போயிட்டு வந்து பாக்கலாம்" என்றேன். 'தாகம்: இல்லை. வியர்வை: உண்டு. 6.20' என்று குறித்துக்கொண்டு பையை எடுத்தேன். அவள் என் சட்டையின் நுனியைப் பிடித்தாள். ஆய்வில் பொறுமைதான் முக்கியம். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

அன்றைக்குக் கறிவேப்பிலை நன்றாக இருந்தது. வாழைப்பூவும் வாங்கினேன். கடைக்காரரிடம் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தேன். ஏழே முக்காலுக்குத் திரும்பியபோது அவள் கதவுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாள். தாழ்ப்பாள் வரைக்கும் வந்திருக்கிறாள். அதற்குப் பிறகு உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் காரை ஓட்டிக்கொண்டே அழுதீர்கள். எனக்கு அது நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். வந்ததும் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை நூற்று நாற்பத்தொன்று என்றும் அதே தாளில் இருக்கிறது. "ஒன் அவர் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா காப்பாத்தியிருக்கலாம், அங்கிள்" என்று ஹிந்தியில் என்னிடம் சொன்னார். பாவம், அவருக்குப் புரதங்களைப் பற்றி என்ன தெரியும்? மருந்து வேலை செய்யாமல் ஒன்றரை நாள் போனால் இருதயம் நிற்கத்தான் செய்யும். நூற்று நாற்பத்தொன்று என்பது அவர்கள் கருவியின் கோளாறு. எங்கள் மீட்டருக்கும் அதே கோளாறு இருந்ததைக் குறிப்பேட்டில் காணலாம்.

நேற்று மாலை மாடிப்படியில் நீங்கள் என்னை நிறுத்தி, "கோவிந்து, மேற்கோளைத் திருப்பி வாங்கிக்கறேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்கோ. துக்கத்துல பண்ணிட்டேள்னு விட்டுடுவா" என்றீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். என்னால் முடியாது. நான் இதை எழுதாமல் இருந்தால் மூன்று தடவை வராத முடிவு என்றுதான் அது நிற்கும். ரஞ்சனாவால் வரவழைக்க முடியாததை நான் முதல் தடவையிலேயே வரவழைத்திருக்கிறேன்.

இந்தத் தாளைப் போலீஸில் கொடுப்பதானால் கொடுங்கள், ஆட்சேபனை இல்லை. குறிப்பேட்டின் நகலும் கொடுங்கள். எண்பத்தேழை மட்டும் நீக்காதீர்கள். அவள் மாரடைப்பில் சாகவில்லை, ஜம்புநாதன். என் கட்டுரை சரியாக இருந்ததால்தான் செத்தாள்.