குக்கிங் ரேஞ்சின் பேரில் குற்றமில்லை

இந்தக் கரண்ட் அடுப்பின் சுருள்களை, காயில் என்கிறோமே, அவற்றை ஒருநாளும் சோப்புத் தண்ணீரில் முக்கிக் கழுவக் கூடாது சார். நிறையப் பேருக்கு இது தெரியாது. பால் பொங்கிக் காய்ந்துபோனால் வெறும் காயிலைக் கொஞ்ச நேரம் ஓட விட்டால் போதும், அழுக்கு தானே எரிந்து உதிர்ந்துவிடும். ஆறின பிறகு ஈரத்துணியால் ஒரு துடை. காயிலுக்கு அடியில் இருக்கிற எண்ணெய்த் தட்டைத்தான் கழற்றிக் கழுவ வேண்டும். இதோ பாருங்கள், இந்த மூன்று தட்டிலும் உங்கள் முகம் தெரியும். நாலாவது கரியாகக் கிடக்கிறது. அது அன்றைக்குப் பிடித்த கரி. அதற்கு முந்தின நாள் அதிலும் முகம் பார்த்திருக்கலாம்.

எலக்ட்ரிகல் இன்ஸ்பெக்டர் ஆபீஸிலிருந்து நீங்கள் வந்ததும் அடுக்களையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கூட வந்தவரிடம் மெதுவாக, "மெயின்டனன்ஸ் போரா", பராமரிப்பு போதாது என்று மலையாளத்தில் சொன்னீர்கள். என் காதில் விழுந்துவிட்டது. அதுவும் போதாதென்று, வயரிங்கிலும் கோளாறு இருக்கும் போலிருக்கிறது என்றீர்கள். வாசலில் ஒருவன் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே, அவன்தான் சஜன். இந்த வீட்டுக்கு லைன் இழுத்தவன். நீங்கள் அப்படி எழுதிவிட்டால் அவன் லைசென்ஸ் போய்விடும். அவன் பெண்டாட்டி பிஜி காலையிலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள். நான் எப்படிச் சார் சும்மா இருப்பது? உட்காருங்கள். சாயா ஆறுவதற்குள் குடியுங்கள். சஜன் பேரில் குற்றமில்லை, ரேஞ்சின் பேரிலும் குற்றமில்லை. என் நாத்தனார் ரத்னபாய் செத்துப்போனதற்குக் காரணம் வேறே.

என் பெயர் புஷ்பபாய். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரி அடுக்களையில் பல வருஷம் சூப்பர்வைசராக இருந்தேன். இதைவிடப் பெரிய ரேஞ்சுகள் அங்கே வரிசையாக நிற்கும். தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அடிக்கடி பயிற்சி கொடுப்பார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்வேன். வேலையை விட்டு வரும்போது மற்றவர்கள் தங்கம் கொண்டுவந்தார்கள், நான் இந்தக் குக்கிங் ரேஞ்சைக் கப்பலில் போட்டுக் கொண்டுவந்தேன். பெட்டியை லாரியிலிருந்து இறக்கியபோது எங்கள் ஊரான கொல்லயிலில் பாதிப் பேர் எங்கள் முற்றத்தில் நின்றார்கள். என் வீட்டுக்காரர் நேசையன் மட்டும் தாடியைச் சொறிந்துகொண்டு, "இந்தப் பைசாக்கு ஒரு கறவ மாடு வாங்கியிருக்கலாமாக்கும்" என்றார். மாடு கேக் சுடுமா என்று கேட்டேன்.

சஜன் வேலையைச் சொல்கிறேன், கேளுங்கள். மெயின் பலகையிலிருந்து ரேஞ்சுக்கென்றே தனியாகத் தடித்த லைன். அதில் மிக்ஸிகூட மாட்ட விட மாட்டேன். பின்புறத்தில் கரியும் உப்பும் போட்டு எர்த் குழி. வேனல் காலத்தில் அந்தக் குழிக்குக் குடம் தண்ணீர் நானே ஊற்றுவேன். கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற சுவிட்ச் இருக்கிறதே, இஎல்சிபி, அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் தவறாமல் அமுக்கிப் பார்ப்பேன். டப்பென்று விழும். நேசையன் பார்த்துக்கொண்டிருக்கிற டிவியும் அதோடு நிற்கும். அவர் கத்துவார். கத்தட்டும், கத்தினால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

இனி ரத்னபாய். நேசையனின் தங்கை. கல்யாணம் கழிந்தும் பக்கத்துப் புரையிடத்திலேயே வீடு வைத்திருந்தாள். நல்லவள், அதை யாரும் மறுக்க முடியாது. அவள் சிரித்தால் ரோட்டில் போகிறவன்கூடச் சிரித்துக்கொண்டு போவான். ஆனால் என் ரேஞ்சைப் படுத்தின பாடு கொஞ்சமா? பாத்திரத்தைத் தூக்கி வைக்க மாட்டாள், இழுப்பாள். ஈரக் கைத்துணியைக் கீழே கேக் சுடுகிற ஓவனின் கதவில் உலர்த்துவாள். ஒருநாள் ஓவனைத் திறந்தால் உள்ளே அவளுடைய பிளாஸ்டிக் டப்பாக்கள். அலமாரி என்று நினைத்தாளாம்.

கேஸ் அடுப்பில் தீ நின்றால் சூடு நின்றது. இதில் அப்படி இல்லை சார். அணைத்த பிறகு காயில் கறுத்துவிடும், ஆனால் சூடு உள்ளேயே கிடக்கும். பழக்கமில்லாதவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். ரத்னம் அதன் மேல் மாவு சலிக்கிற பிளாஸ்டிக் அரிப்பைக் கொண்டு வைத்தாள். அது உருகி ஒட்டினதைச் சுரண்டி எடுப்பதற்குள் எனக்கு நகம் பெயர்ந்துவிட்டது.

"எட்டி, கறுத்திருந்தாலும் சூடு உண்டு. எத்தன மட்டம் சொல்லியாச்சு?" என்றேன்.

"சாரமில்ல மைனி. அடுப்புன்னா சூடில்லாம பின்ன குளிராக்குமா இருக்கும்?" என்று அலட்சியமாகச் சொன்னாள்.

கேட்டுக்கொண்டிருந்த நேசையன் விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் எல்லாருக்கும் சொல்கிறவள்தான். கல்யாண வீட்டுக்குப் போனால் முதலில் பந்தலைப் பார்க்க மாட்டேன், சமையல்புரைக்குத்தான் போவேன். நான் வருகிறதைக் கண்டாலே சமையல்காரர்கள் வெடிப்பு விட்ட கேஸ் டியூபின் மேல் துண்டைப் போட்டு மூடுவார்கள். செங்கல் என்கிற ஊரில் ஒரு வீட்டில் என்னைக் கண்டதும் ஒருவன் பீடியை லுங்கியில் மறைத்துக்கொண்டு நின்றான். லுங்கியில் ஓட்டை விழுகிற வரைக்கும் அவனிடம் குசலம் விசாரித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் தமாஷ் தெரியும் சார்.

சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஆண்டுவிழா வந்தது. ஸ்கிட் போட்டார்கள். ரத்னம்தான் கதாநாயகி. என் அடுக்களையிலிருந்து எனக்குத் தெரியாமல் எடுத்துப்போன கையுறையையும் ஏப்ரனையும் மாட்டிக்கொண்டு, என்னைப் போலவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேடைக்கு வந்தாள். கதை என்னவென்றால், நான் செத்து மோட்ச வாசலுக்குப் போகிறேன். பஞ்சில் தாடி ஒட்டிக்கொண்டு பேதுருவாக நின்ற ஷைலஜா, "உள்ளே வா மகளே" என்கிறாள். அதற்கு ரத்னம், "நிக்கணும், நான் முதல்ல நரகத்த ஒண்ணு பாத்துட்டு வாறேன். அங்க உள்ள அடுப்புக்கு எர்த் உண்டுமா?" என்கிறாள். சபையே அதிர்ந்தது. பிறகு நரகத்துக்குப் போய்ச் சாத்தானைப் பிடித்துக்கொண்டாள். "எலே, எண்ணெய இப்பிடி வாய்வர நெறச்சு வச்சிரிக்கியே, பொங்காதா? பாதிதான் ஊத்தணும். மூடி எங்க? எலே, எனக்கு மூடியக் காட்டு" என்று அவனை விரட்டு விரட்டென்று விரட்டுகிறாள். கடைசியில் சாத்தான் ஓடிவந்து பேதுருவின் காலில் விழுந்து, எனக்கு இங்கே ஒரு இடம் கொடும் என்று அழுகிறான்.

நல்ல ஸ்கிட்தான். எங்கள் பாதிரி ஐயர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நேசையன் பக்கத்து பெஞ்சில் கையால் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கையுறையைக் கழுவி உலர்த்தினேன். எனக்கு வலித்தது சார். ஜனங்கள் சாகக் கூடாது என்றுதானே நான் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ரத்னம் வந்து, "மைனிக்குக் கோவம் உண்டா? சும்மா தமாசுக்காக்கும்" என்றாள்.

"எனக்கு என்ன கோவம்? நல்லா நடிச்ச" என்றேன்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். அவள் பாத்திரத்தை இழுத்தால் பார்த்துக்கொண்டிருப்பேன். ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டால் பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. போகப் போக ஒரு மாதிரி ஆகிவிட்டாள். எதையாவது அடுப்பில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். "மைனி இப்ப ஒண்ணும் சொல்லதில்லியே" என்பாள். சொல்ல என்ன இருக்கிறது, நீதான் எல்லாம் படித்துவிட்டாயே என்பேன். வேண்டுமென்றுதான் அப்படிச் சொன்னேன். அவள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

ஸ்தோத்திரப் பண்டிகைக்கு முந்தின தினம் அவள் வீட்டில் கேஸ் தீர்ந்துபோயிற்று. சபையில் ஏலத்துக்கு வைக்க அச்சப்பம் சுட வேண்டும் என்று மாவையும் அச்சையும் தூக்கிக்கொண்டு மத்தியானம் இங்கே வந்தாள். பெரிய இரும்புச் சட்டியில் எண்ணெயை வாய்வரை ஊற்றினாள். மேடையில் சாத்தானுக்குச் சொன்னது அவளுக்கே ஞாபகமில்லை. அடுப்பின் திருகை முழுசாகத் திருப்பி வைத்தாள். அந்த நேரம் பெங்களூரில் இருக்கிற மகள் சோனா போன் செய்தாள். உள்ளே சிக்னல் கிடைக்காது என்று ரத்னம் முற்றத்துக்குப் போனாள்.

போலீஸிடம் நான் கோழிக்குத் தீனி போடப் போயிருந்தேன் என்று சொன்னேன். போகவில்லை. நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன்.

எண்ணெய் தீப்பிடிப்பதற்கு முன்னால் நன்றாகப் புகையும். அப்போதே திருகை அணைத்தால் ஒன்றுமே இல்லை. எழுந்து இரண்டு எட்டு வைத்தால் போதும். அடுக்களை முழுக்கப் புகை சூழ்ந்தது. முற்றத்தில் அவள் மகளிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. நான் உள்ளியை உரித்து முடித்துத் தோலையும் கூட்டி வாரினேன். பிறகு சட்டியில் தீ ஏறியது.

அப்போதும் காரியம் கைமீறிப் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுப்பை அணைத்துவிட்டு, சட்டிக்கு ஒரு மூடியைப் போட்டு, ஆறுகிற வரைக்கும் தொடாமல் விட்டால் தீ காற்றில்லாமல் செத்துப்போகும். சட்டியைத் தூக்கக் கூடாது. தண்ணீர் ஆகவே ஆகாது. எரிகிற எண்ணெயில் தண்ணீர் பட்டால் அது அப்படியே ஆவியாகி எண்ணெயையும் தீயையும் வாரி முகத்தில் அடிக்கும். சட்டியின் மூடி மேஜையில் என் பக்கத்தில்தான் இருந்தது. மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த தீயணைப்புப் போர்வை என் முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

ரத்னம் ஓடிவந்தாள். வந்ததும் திருகை அணைத்தாள். அதைச் சரியாகத்தான் செய்தாள், என் பேச்சில் ஏதோ கொஞ்சம் அவள் தலையிலும் ஏறியிருக்கிறது. பிறகு மூலையில் இருந்த தண்ணீர் வாளியைத் தூக்கினாள்.

தண்ணீர் விழுந்தவுடன் தீ கூரை வரைக்கும் எழும்பியது. திருகை அணைத்தாலும் லைனில் கரண்ட் இருக்குமே, தண்ணீர் தெறித்துக் காயிலின் முனையில் இறங்கினதும் இஎல்சிபி விழுந்தது. அது விழுந்து கிடந்ததைப் பார்த்துத்தானே வயரிங்கில் கோளாறு என்றீர்கள்? விழாமல் இருந்தால்தான் சார் கோளாறு. விழ வேண்டிய நேரத்தில் விழுந்தது. சஜன் நல்ல வேலைக்காரன், அவனை வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.

அவள் தீயோடு தரையில் விழுந்த பிறகு போர்வையை எடுத்து முறைப்படி அவள் மேல் போர்த்தினேன். அதன் பிறகு மூடியைச் சட்டிக்குப் போட்டேன். மெடிக்கல் காலேஜில் டாக்டர்கூட, போர்த்தினது யார், நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று கேட்டார். ஆனாலும் அவள் பிழைக்கவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, பாவம் ரத்னம், நீ சொன்னதைக் கேட்டிருந்தால் இப்படி வருமா என்றார்கள். நேசையன் எல்லாருக்கும் முன்னால் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். சபையில் இனிமேல் எல்லா வீட்டிலும் அடுக்களைப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கச் சொல்லி ஐயர் என்னைக் கேட்டிருக்கிறார். நான் சம்மதித்துவிட்டேன்.

அதெல்லாம் இருக்கட்டும். மெயின்டனன்ஸ் சரியில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். ரத்னம் விவரம் தெரியாமல் தண்ணீர் ஊற்றிவிட்டாள் என்றும் எழுத வேண்டாம், அதுவும் சரியில்லை. வாளியைத் தூக்கினவள் உடனே ஊற்றவில்லை. அப்படியே நின்றாள். மூச்சு இரைக்க என் பக்கம் திரும்பினாள்.

"மைனி, தண்ணி ஊத்தட்டா?" என்று கேட்டாள்.

"ஊத்து மக்கா" என்றேன்.

நான் இந்த வீட்டுக்கு வாழ வந்து இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டு ஒரு காரியம் செய்தது அன்றைக்குத்தான். உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு மறுபேச்சு இல்லை சார், சொன்னவுடன் ஊற்றினாள்.