ஒரே கிண்ணத்து ரத்தம்

— ...முத்திரை குத்தி அனுப்பியே இருப்பாங்கக்கா! கேம்ப் கடிதங்களைப் படிச்சுப் பார்க்கற சென்சார் ஆபீஸ்ல அத்தனை பேர் இருந்தும் அந்தக் கடிதத்தைப் பிடிச்சது உன் தம்பி டென்சில்தான். மேஜர் ஏக்தம் குஷி ஆயிட்டார்.

— யார் எழுதின கடிதம்?

— உன் ஸ்கூல்ல பியானோ சொல்லிக் குடுத்தானே, அந்த ஹங்கேரிக்காரன். சண்டையில எதிரி நாட்டான்னு ஈஸ்டர் முடிஞ்சதும் கேம்ப்ல அடைச்சாங்களே.

— இம்ரே மாஸ்டரா? அவர் ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்க மாட்டாரேடா.

— நல்லா சொன்னே, டோரீன் டீச்சர்! கடிதத்துல என்ன எழுதியிருக்கான் தெரியுமா? ஏழு தலைவருங்க கையைக் கீறி, ஒரே கிண்ணத்துல ரத்தம் விட்டுச் சத்தியம் பண்ணாங்களாம். மலை தாண்டிப் புது நாட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி பெரியவர் ஆல்மோஷைக் கொன்னுட்டாங்களாம். அப்புறம் மகன் ஆர்பாட்தான் தலைவனாம். எங்க கேம்ப் கமாண்டன்ட்டும் பெரியவர்தானே? அவரைத் தீர்த்துக்கட்டத்தான் இந்தத் திட்டம்.

— அட மடையா! அது அவங்க ராஜ வம்சத்துக் கதைடா. ஆயிரம் வருஷமாச்சு. ஆல்மோஷோட அம்மா கர்ப்பமா இருக்கறப்ப கனவுல ஒரு பெரிய பருந்து வந்துச்சாம். அவ வயித்துலேர்ந்து ஒரு பெரிய ஆறு புறப்பட்டு அந்நிய நாட்டுல போய்ப் பாஞ்சுதாம். அவ பேரன்தான் ஆர்பாட். அவன் வம்சம் நானூறு வருஷம் ஆண்டுச்சு.

— உனக்கெப்படி இவ்வளவு தெரியும்?

— ஸ்டாஃப் ரூம்ல சொல்லுவார். டென்சில், அந்த ரிப்போர்ட்டைத் திருப்பி வாங்கிடு. உன் காலைப் பிடிக்கிறேன்.

— எங்கேருந்து வாங்கறது? மத்தியானமே அவனை லாரியில ஏத்திட்டாங்க. வடக்கே ஏதோ கோட்டையாம். அங்க போனவங்களைப் பத்தி ஆபீஸ்ல யாரும் பேசறதில்ல.

— ஐயோ சேசுவே!

— என்னக்கா இது, அவனுக்காகவா அழறே? சரி, பழைய கதைன்னே இருக்கட்டும். கடைசி வரிக்கு என்ன சொல்றே? 'ஆர்பாட் டிசம்பர்ல வருவான், அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம்'னு எழுதியிருக்கான். அதுவும் பியாட்ரிஸ்னு ஒருத்திக்கு, பிளாக்பள்ளி ரொட்டிக் கடை விலாசத்துல. கடிதத்தைக் கடையிலேயே வச்சிருக்கோம். வாங்க வர்றவளைப் பிடிக்க மஃப்டி போலீஸ் காலையிலேர்ந்து உக்காந்திருக்கு. நான் குடுத்த யோசனைதான்.

— காலையிலேயே போயிருப்பேன்டா. தலை சுத்துச்சு, படுத்துட்டேன்.

— நீயா? நீ எதுக்கு அங்க போகணும்?

— பியாட்ரிஸ் நான்தான். டிசம்பர்ல வரப்போறது என் பிள்ளைடா. நீ தாய்மாமன்.