தீயில வைக்காத அச்சு

ஆமாங்க, நான்தான் எடுத்தேன். அதுல என்ன ஒளிவுமறைவு? காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்களத்துல அத்தனை சனத்துக்கு முன்னாடி, தொரை மூஞ்சியப் பார்த்தே சொன்னேனே, காரோட பழைய அச்சு எங்கிட்டதான் இருக்கு, குடுக்க மாட்டேன்னு. நீங்க என்னமோ துப்புத் தொலக்கிக் கண்டுபுடிச்ச மாதிரி கேக்குறீங்க! மொதல்ல ஒக்காருங்க இன்சுபெட்டரய்யா, அந்தத் தேயிலப் பெட்டி மேல ஒக்காருங்க. கீழேருந்து ஏறி வந்தது மூச்சு வாங்குது பாருங்க. நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன்.

தொரையோட மோட்டார் காரு முன்னச்சு வளைஞ்சு, ரெண்டு சக்கரமும் ஒண்ணையொண்ணு மொறைச்சுக்கிட்டு பட்டறைக்கு வந்துச்சு. மாடு கட்டித்தான் இழுத்தாந்தாங்க. பாறையில மோதிட்டேன் ரெங்கசாமி, தீயில வச்சு நிமித்திக் குடு, பண்டாரவளை கிளப்புக்குப் போகணும்னாரு.

தீயில வச்சா அரை நாள் வேலைதான். பட்டறைக்காரன் எவனும் அப்படித்தான் செய்வான். நான் செய்யல. ஒரு தடவ குனிஞ்சு காருக்கு அடியில பார்த்தேன், செய்ய மாட்டேன்னு முடிவு கட்டிட்டேன். உள்ள விரிசல் விட்டிருக்கு தொரை, அப்புத்தளை எறக்கத்துல ஒடிஞ்சா உங்க எலும்பக்கூடப் பொறுக்க முடியாதுன்னு சொன்னேன். கொழும்புலேருந்து புதுசு வர மாசக்கணக்கு ஆகுமேன்னு குதிச்சாரு. நானே செஞ்சு தாரேன்னேன்.

எப்படியா? காரைத் தூக்குற சாமான் இங்க ஏதுங்க! ரெண்டு கடப்பாரையக் குடுத்து நாலு பேரு தொங்குனோம், எழும்ப எழும்ப பலகையச் சொருகுனோம். கீழ பசாருத் தெருவுல கடை வச்சிருக்குற இப்றாஹீம் அண்ணன், நானான்னுதான் கூப்புடுவோம், அவரு கடைக்குப் பின்னால மாட்டுவண்டி ஒண்ணு ஒடைஞ்சு கெடந்துச்சு, அதோட அச்சைப் புடுங்கிட்டு வந்து காய்ச்சி அடிச்சேன். சக்கரம் திரும்புற ஆணிக்கு, கொழுந்து அரைக்கிற மிசினோட பழைய தண்டை அறுத்துக்கிட்டேன். ஆணியச் சுத்திப் பித்தளை போடணுமே, இல்லாட்டி தேஞ்சுபோகும். தோட்டம் பூராத் தேடியும் ஒரு துண்டு கெடைக்கல. எங்க வீட்டுப் பித்தளைச் செம்பை வெட்டிச் சுருட்டித் தட்டுனேன். அவ கல்யாணத்துக்குக் கொண்டாந்த செம்பு. என்ன பார்க்குறீங்க? அவளே இல்ல, செம்பு இருந்து எதுக்கு?

சக்கரம் நேரா நிக்குதான்னு பார்க்கவும் ஒண்ணுமில்ல. கொழுந்து எடுக்குற பொம்பளைங்க, செடி மட்டம் பார்க்கக் கையில கம்பு வச்சிருப்பாங்கள்ல, மட்டக்கம்பு, அத வச்சுத்தான் முன்னயும் பின்னயும் அளந்தேன். அதுவும் அவளோடதுதான்.

காரு ஓடுச்சு, ஓடாம என்ன! கிளப்புக்குப் போயி வந்து, சபாஷ் ரெங்கசாமின்னு முதுகுல தட்டுனாரு. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அப்பறம்தான் பழைய அச்சைக் கேட்டாரு, கொழும்புக்கு அனுப்பி நிமித்தி வச்சுக்கலாம்னு. முடியாதுன்னுட்டேன். ஒரு கூலிக்காரன் முடியாதுன்னு சொன்னா தொரைக்குப் பொறுக்குமா? உடனே உங்களுக்கு ஆள் போயிருச்சு.

அவளே இல்லேன்னேனே, யாரு செத்தான்னா கேக்குறீங்க? அதுசரி, உங்களுக்கு எப்படித் தெரியும்! பெரியாயி, என் பொண்டாட்டி. காரு பட்டறைக்கு வந்த அன்னிக்கு விடியக்காலம்தான், கார் ரோட்டுக்குக் கீழ பள்ளத்துல கெடந்தா. மழையில வழுக்கி விழுந்துட்டான்னாரு பெரிய கங்காணி. அவளா வழுக்குறவ? சிட்டாப் பறந்து ஏறுவாய்யா இந்த மலையில! கொட்டுற மழையில வெளிய போனவ, மேல கம்பளியே இல்லாமக் கெடந்தா. ஒருத்தனும் ஏன்னு கேக்கல. போலீசுக்குச் சொல்லுங்க சாமின்னு கங்காணி கால்ல விழுந்தேன். வாய மூடிக்கிட்டுப் பொதைன்னுட்டாரு. பொதைச்சேன். 

கொழுந்து எடுக்குறவ செத்ததுக்கு வராத போலீசு, தொரையோட பழைய இரும்புக்கு இம்புட்டு வெரசா வந்துருச்சு. வரும்னு தெரியும். அதுக்குத்தானே பெரட்டுல அப்படிக் கத்துனேன்.

வாங்க, இந்தக் கரிச்சாக்க வெலக்குங்க. இதான் அச்சு. கைய வைக்காதீங்க, பார்க்க மட்டும் பாருங்க. வளைஞ்ச எடத்துல சேத்தோட சுத்தி இறுகிக் கெடக்குதே, அது கம்பளி. தோட்டத்துல குடுக்குற கம்பளிதான், எல்லார்கிட்டயும் இருக்கும், ஒத்துக்கிறேன். ஓரத்துல செவப்பு ஒட்டுத் தெரியுதா? என் தலப்பாத்துணி. பெரியாயி என்னையக் கேக்காமக் கிழிச்சு அவ கம்பளியில தைச்சுட்டான்னு அன்னிக்குப் பூரா அவகூட நான் பேசல.

விரிசல்னு நான் சொன்னது பொய்ங்க. தொரை குனிஞ்சு பார்க்கல. அவருக்கு இது இருக்கறதே தெரியாது, தெரிஞ்சா உங்களக் கூப்புட்டிருப்பாரா? நிமித்துறேன்னு தீயில வச்சிருந்தா, கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள கருகிப் போயிருக்கும்.

களவு போன சாமானக் கோர்ட்டுல நீதவானுக்கு முன்னாடி வச்சே ஆகணுமாமே. இப்றாஹீம் நானாதான் சொன்னாரு. வெளியில அவரோட வண்டி பூட்டித் தயாரா நிக்குது, பாதி பசாரும் அங்கதான் நிக்குது. நீங்க என்னத்த ஏத்திட்டுப் போறீங்கன்னு அத்தனை பேரும் பார்ப்பாங்க.

கொண்டாங்க, வெலங்க மாட்டுங்க. அச்சையும் ஏத்துங்க, இப்படியே, சேத்தோட. நல்லாக் கொட்டை எழுத்துல எழுதிக்கங்க, ரெங்கசாமிதான் எடுத்தான்னு.